சிறு விமானத்தில் கை தவறும் இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் பகுதிகளிலிருந்து விமானப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்களும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. செஸ்னா 152, செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்ற ஒற்றை பிஸ்டன் எஞ்சின் விமானங்களை மனத்தில் வைத்தே பெரும்பாலான விடைகள் எழுதப்பட்டுள்ளன. காக்பிட்டில் உள்ள நெம்புகோல், குமிழ், சுவிட்ச் ஆகியவற்றைக் கையாள்வதில் நேரும் பிழைகள் மட்டுமே இங்கு பேசுபொருள். உங்கள் விமானத்தின் கையேடு இதிலிருந்து வேறுபட்டால் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: விபத்து அறிக்கையில் "விமானியின் தவறு" என்று எழுதப்பட்டிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. யாருடைய கை தவறியது என்பதை அந்தச் சொற்றொடர் சொல்கிறது. அந்தக் கை ஏன் அங்கே போனது என்பதை அது சொல்வதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விந்தையான விபத்து அடிக்கடி நேர்ந்தது. நல்லபடியாகத் தரையிறங்கி ஓடுதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் மடிப்பை) மடக்க வேண்டிய விமானி சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றில் படுத்துவிடும். 1943இல் இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்போன்ஸ் சாபானிஸ், விமானிகளின் திறமையைச் சோதிப்பதற்கு முன் காக்பிட்டைப் பார்த்தார். சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்கும் உரிய சுவிட்சுகள் ஒரே வடிவில், ஒன்றை அடுத்து ஒன்றாக இருந்தன. அவை அப்படி அமையாத சி-47 போக்குவரத்து விமானத்தை ஓட்டியவர்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை. சக்கர நெம்புகோலின் நுனியில் ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப் நெம்புகோலின் நுனியில் இறக்கையின் விளிம்பைப் போன்ற ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தும்படி அவர் செய்தார். இருட்டில் தடவினாலும் எது எது என்று விரலுக்குத் தெரிந்தது, தவறும் நின்றது.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் இயக்கப் பலகையில் வரிசையாக நிற்கும் நெம்புகோல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழகிய ஆள் பாராமலே இழுப்பார். தூக்கம் கெட்ட இரவில், அல்லது வேறு வண்டிக்கு மாறிய முதல் நாளில், அதே பழக்கம் அவரைப் பக்கத்து நெம்புகோலுக்குக் கொண்டுபோய்விடும்.

கேள்வி: இந்தப் பிழைகளில் வகைகள் உண்டா?

உண்டு. பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் ஆகிய இருவரும் விமானிகள் சொன்ன 460 அனுபவங்களைத் திரட்டி 1947இல் வெளியிட்ட ஆய்வு, இன்றும் பாட வகுப்பில் பயன்படும் அளவுக்குத் தெளிவானது. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் பிடித்துவிடுவது அவற்றில் ஏறத்தாழப் பாதி, அதாவது 50 சதவீதம். சரியான கருவியையே அளவு தவறி இயக்குவது 18 சதவீதம். இயக்க மறந்துவிடுவது இன்னொரு 18 சதவீதம். எதிர்த்திசையில் திருப்புவது 6, தெரியாமல் கைபட்டு இயங்கிவிடுவது 5, எட்டாமல் போவது 3 சதவீதம்.

இவை போர்க்கால ராணுவ விமானங்களின் கணக்கு. இன்றைய பயிற்சி விமானங்களுக்கு இதே விகிதம் பொருந்தும் என்று சொல்லக் கூடாது. ஆனால், வகைகள் மாறவில்லை. ஒரு மாணவர் பயிற்சியின் தொடக்கத்தில் செய்யும் கைப்பிழைகளை எழுதிவைத்தால், அவை ஏறக்குறைய இந்த ஆறில் ஏதாவது ஒன்றில் அடங்கிவிடும்.

கேள்வி: பயிற்சி விமானத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய குழப்பம் எது?

எங்கள் கருத்தில், கார்புரேட்டரில் பனி உறையாமல் தடுக்கும் கார்புரேட்டர் ஹீட் குமிழுக்கும், எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸ்சர் குமிழுக்கும் இடையிலான குழப்பம்தான். மற்ற பிழைகள் பெரும்பாலும் திருத்திக்கொள்ள நேரம் தரும். இது தாழ்வான உயரத்தில் எஞ்சினையே அணைக்கும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

செஸ்னா 152இன் பலகையில் எஞ்சின் ஆற்றலைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் நடுவிலும், கார்புரேட்டர் ஹீட் அதன் இடப்பக்கமும், மிக்ஸ்சர் வலப்பக்கமும் இருக்கின்றன. மூன்றுமே தள்ளி இழுக்கும் வகை. கார்புரேட்டர் ஹீட்டை வெளியே இழுத்தால் எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி வந்து சூடான காற்று கார்புரேட்டருக்குள் போகும். மிக்ஸ்சரை முழுவதும் வெளியே இழுத்தால் எரிபொருள் நின்று எஞ்சின் அணையும். தரையில் எஞ்சினை நிறுத்துவதற்கான முறையே அதுதான். ஆக, ஒரே அசைவு ஒரு குமிழில் எஞ்சினைக் காக்கிறது, ஒரு சாண் தொலைவில் உள்ள இன்னொரு குமிழில் அதை நிறுத்துகிறது.

இந்தக் குழப்பம் நேரக்கூடிய இடமும் ஏறக்குறைய நிலையானது. ஓடுதளத்துக்கு இணையாகப் பறந்து முடித்து, தரையிறங்குவதற்காக ஆற்றலைக் குறைக்கும் கட்டத்தில்தான் கார்புரேட்டர் ஹீட் இழுக்கப்படுகிறது. அப்போது மாணவரின் கண் ஓடுதளத்தில் இருக்கும், காது கட்டுப்பாட்டு கோபுரத்தின் வானொலியில் இருக்கும், வாய் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். கை தானாகப் போகும். த்ராட்டில் ஏற்கெனவே குறைக்கப்பட்டிருப்பதால் எஞ்சின் அணைந்ததும் உடனே தெரியாது. காற்றின் வேகத்தில் புரொப்பெல்லர் சுழன்றுகொண்டே இருக்கும். இறங்கும் பாதை தாழ்ந்துவிட்டது என்று த்ராட்டிலைத் தள்ளும்போதுதான் பதில் வராதது புரியும். புரொப்பெல்லர் சுழன்றுகொண்டிருக்கும் வரை மிக்ஸ்சரை உள்ளே தள்ளினால் எஞ்சின் பெரும்பாலும் உயிர்பெறும். ஆனால், என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அந்த உயரத்தில் சில விநாடிகள்தான் உண்டு.

மிக்ஸ்சர் குமிழுக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருப்பதும், பல விமானங்களில் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால்தான் அது வெளியே வரும்படி அமைத்திருப்பதும் இதற்காகவே. பிடித்த குமிழ் பொத்தானை அழுத்தச் சொன்னால், நீங்கள் பிடித்திருப்பது கார்புரேட்டர் ஹீட் இல்லை. அந்த இடத்தில் கையை நிறுத்திக் கண்ணால் பாருங்கள்.

கேள்வி: கொங்குப் பகுதியின் வெயிலில் கார்புரேட்டரில் பனி உறையுமா? அந்தக் குமிழே நமக்குத் தேவையா?

தேவை. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் உள்ளே வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் இறங்கக்கூடும். வெளியே 25 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், குறைந்த ஆற்றலில் இறங்கும்போது உள்ளே பனி படியலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழையும் மாதங்களில், சாரல் விழும் பொள்ளாச்சிப் பக்கத்தின் காலை நேரம் இதற்கு ஏற்ற சூழல்தான். எரிபொருளை உட்செலுத்தும் எஞ்சின் கொண்ட புதிய செஸ்னா 172களில் கார்புரேட்டரே இல்லை. எனவே அந்தக் குமிழும் இல்லை. அதில் பழகிவிட்டுப் பழைய விமானத்துக்குப் போகிறவர் மறந்துவிடுவதும், பழையதில் பழகிவிட்டுப் புதியதற்குப் போகிறவர் இல்லாத குமிழைத் தேடிக் கை நீட்டுவதும் நடக்கக்கூடியவை.

கேள்வி: பயிற்சி விமானங்களில் சக்கரம் மடங்குவதில்லையே. சக்கர நெம்புகோலைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

வணிக விமானி உரிமத்துக்கான 200 மணி நேரத்துக்குள்ளேயே பலர் மடங்கும் சக்கரம் கொண்ட விமானத்துக்கு மாறுகிறார்கள். அப்போது கைக்கு இருக்கும் பழக்கம், முதல் விமானத்தில் படிந்த பழக்கம்.

பீச்கிராஃப்ட் பொனான்சா இதற்கு நல்ல சான்று. அதன் பழைய மாதிரிகளில் சக்கர நெம்புகோல் வலப்புறமும் ஃபிளாப் நெம்புகோல் இடப்புறமும் இருந்தன. மற்ற பெரும்பாலான விமானங்களில் இது நேர்மாறு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1980இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, பொனான்சா, பேரன் (Baron) போன்ற விமானங்களில் தரையில் சக்கரம் மடங்கிய விபத்துகளுக்கு வடிவமைப்பே தூண்டுதல் என்று வெளிப்படையாகச் சொன்னது. 1984 முதல் அந்நிறுவனம் இடங்களை மாற்றி அமைத்தது. ஆனால், விமானங்கள் நெடுங்காலம் உழைப்பவை; பழைய அமைப்பும் புதிய அமைப்பும் இன்றும் சேர்ந்தே பறக்கின்றன.

எனவே மடங்காத சக்கரம் கொண்ட விமானத்திலேயே ஒரு வழக்கத்தைப் பழகிக்கொள்வது நல்லது: தரையிறங்கியதும் ஓடுதளத்தை விட்டு விலகி, விமானத்தை நிறுத்தும் வரை ஃபிளாப் உட்பட எதையும் தொடாமல் இருப்பது. குறுகிய ஓடுதளத்தில் பிரேக் நன்றாகப் பிடிக்க உடனே ஃபிளாப்பை மடக்கச் சொல்லும் முறை சில கையேடுகளில் உண்டு. அதை அந்தப் பயிற்சியின்போது மட்டும், பயிற்சியாளர் சொல்லும்போது மட்டும் செய்யுங்கள். சேலம் காமலாபுரத்தில் உள்ளதைப் போன்ற சுமார் 1,800 மீட்டர் ஓடுதளமே ஒரு செஸ்னாவுக்குத் தாராளம்.

கேள்வி: வடிவமும் நிறமும் விதியாகிவிட்ட பிறகும் இந்தப் பிழை நடக்கிறதா?

நடக்கிறது. த்ராட்டில் கருப்பு, புரொப்பெல்லர் நீலம், மிக்ஸ்சர் சிவப்பு என்ற வழக்கமும், சக்கர நெம்புகோலுக்குச் சக்கர வடிவம் என்ற விதியும் நிலைபெற்றுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் போக்ராவில் இறங்கவிருந்த ஏடிஆர் 72 விமானத்தில், ஃபிளாப்பை 30 டிகிரிக்கு இறக்க வேண்டிய விமானி, அதன் அருகிலுள்ள, புரொப்பெல்லர்களைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்டிஷன் லீவர்களையும் இழுத்துவிட்டார். இரு எஞ்சின்களின் புரொப்பெல்லர்களும் உந்துவிசை தராத நிலைக்குப் போயின. 72 பேர் இறந்தனர். சேலத்துக்கு வந்துபோகும் சிறிய பயணிகள் விமானமும் இதே ஏடிஆர் 72 வகைதான் என்பதால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது.

அந்த நெம்புகோல்களின் வடிவங்கள் வேறுவேறு. விரல் அந்த வேற்றுமையை உணர்ந்தாலும் மனம் அதைக் கேட்காத நேரம் உண்டு. அதைவிட முக்கியமானது, இழுத்த பிறகு விளைவைச் சரிபார்க்கும் பழக்கம். ஃபிளாப் இறங்கினால் விமானத்தின் மூக்கு அசையும், வேகம் மாறும், காட்டி நகரும். இவற்றில் எதுவும் நிகழவில்லை என்றால், கடைசியாகத் தொட்டதைப் பழைய நிலைக்குத் திருப்புவதே முதல் வேலை.

கேள்வி: எரிபொருள் டேங்க் மாற்றும் திருகில் என்ன சிக்கல் வரும்?

செஸ்னா 172இல் "இரண்டும்" என்றொரு நிலை இருப்பதால் பெரும்பாலான பயணங்களில் அதைத் தொடவே வேண்டியதில்லை. செரோக்கியில் அந்த நிலை இல்லை. இடது, வலது, அடைப்பு என்று மட்டுமே உண்டு. விமானி நேரம் பார்த்து மாற்ற வேண்டும். திருகு இடப்பக்கச் சுவரில், விமானியின் முழங்காலருகே இருக்கிறது; வலப்பக்கம் அமர்ந்திருக்கும் பயிற்சியாளரின் கை அங்கே எளிதில் எட்டாது. கோவையிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பும் நெடும்பறப்பில் ஒரே டேங்கை வறளவிட்டு, மறு டேங்க் நிறைந்திருக்கும்போதே எஞ்சின் நின்றுபோகச் செய்வது, மறதி வகைப் பிழையின் முழுமையான வடிவம்.

எட்டாத வகைக்கு உலகறிந்த சான்று, பாடகர் ஜான் டென்வரின் மரணம். 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்ட்டரே விரிகுடாவில் தனிநபர்களே கட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த அவருடைய லாங்-ஈஸி விமானம் விழுந்தது. மூல வடிவமைப்பில் விமானிக்கு முன்னால் இருந்த எரிபொருள் திருகை, அந்த விமானத்தைக் கட்டியவர் விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப உடலை முறுக்கியபோது வால் சுக்கானை இயக்கும் வலது ரட்டர் பெடல் அழுந்தி, விமானம் கட்டுப்பாட்டை இழந்ததாக விசாரணை முடிவுசெய்தது. புறப்படும் முன் எரிபொருள் நிரப்பிக்கொள்ளாததும் அந்த முடிவில் இடம்பெற்றது. திருகை அங்கே வைத்தவர், குறைந்த எரிபொருளுடன் கிளம்பியவர் என இருவரின் முடிவுகளும் ஒரே நொடியில் சந்தித்தன.

உங்கள் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் ஏற்ப இருக்கையைச் சரிசெய்து, பெல்ட்டை இறுக்கிய பிறகு, எல்லாக் கருவிகளையும் ஒருமுறை தொட்டுப்பாருங்கள். எட்டாத ஒன்று இருந்தால் தரையிலேயே தெரியட்டும்.

கேள்வி: எதையும் தொடாமலே விபத்து நேர முடியுமா?

இருக்கை நழுவினால் முடியும். செஸ்னாவின் இருக்கை தண்டவாளத்தில் இருக்கையைப் பூட்டும் ஊசி சரியாக விழாமல் இருந்தால், மேலெழும்பும்போது விமானி பின்னால் சறுக்குவார். விமானத்தைத் திருப்பும் பிடியான யோக்கைப் பிடித்த கையும் கூடவே பின்னால் வரும். மூக்கு செங்குத்தாக எழும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ இதற்காகவே 1987இல் தண்டவாளப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. இருக்கையை முன்னும் பின்னும் உலுக்கிப் பார்ப்பது சடங்கில்லை.

இன்னொன்று, காற்றில் ஆடாமலிருக்க நிறுத்தத்தில் பொருத்தும் கட்டுப்பாட்டுப் பூட்டு. 1935 அக்டோபர் 30 அன்று போயிங் மாடல் 299 அந்தப் பூட்டை எடுக்காமலே எழும்பி விழுந்தது. எழுதப்பட்ட செக்லிஸ்ட் விமானத்துறையில் வேரூன்றியது அந்த விபத்துக்குப் பிறகுதான். செஸ்னாவின் பூட்டில் உள்ள தகடு சாவித் துளையை மறைக்கும்படி அமைந்திருப்பதும் அதே மறதிக்காக. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்தில் பூட்டில்லாமல் விமானத்தை நிறுத்த முடியாது. எனவே எடுக்க மறப்பதற்கான வாய்ப்பும் நம் பகுதியில் அந்த மாதங்களிலேயே மிகுதி.

கேள்வி: பயிற்சியாளர் பக்கத்திலேயே இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

பார்த்துக்கொள்வார், இரட்டைக் கட்டுப்பாடு அதற்காகவே இருக்கிறது. ஆனால், இருவர் இருப்பதாலேயே ஒரு புதிய பிழை பிறக்கிறது. விமானம் யார் கையில் இருக்கிறது என்று இருவருமே தவறாக நினைத்துக்கொள்ளலாம். "ஐ ஹேவ் கன்ட்ரோல்", "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும். பெரியவரிடம் உரக்கப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் வீட்டுப் பிள்ளைகள் இங்கே தயங்குவதுண்டு. "சார், கியர் (சக்கரம்) இறங்கவில்லை" என்று காக்பிட்டில் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது என்பதைப் பெற்றோரும் ஒருமுறை எடுத்துச் சொன்னால் நல்லது.

கேள்வி: திரைகள் கொண்ட புதிய காக்பிட்டில் இந்தப் பிழைகள் குறையுமா?

சில குறையும், சில இடம் மாறும். 2010இல் வெளியான அமெரிக்கப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வு, திரைக் காக்பிட் கொண்ட சிறு விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவாகவும் உயிரிழப்பு விபத்து விகிதம் அதிகமாகவும் இருந்ததாகக் கண்டது. அவை நீண்ட பயணங்களுக்கும் மோசமான வானிலையிலும் கூடுதலாகப் பயன்பட்டதும் இதில் கலந்திருக்கிறது. பழியைத் திரையின்மேல் மட்டும் போட முடியாது.

கைப்பிழை என்று பார்த்தால், கார்மின் ஜி1000 என்ற திரைக் கருவித்தொகுதியில் ஒரே தண்டில் இரண்டு குமிழ்கள் இருப்பதைச் சொல்லலாம். வெளிக்குமிழ் உயரமானிக்கான காற்றழுத்த அளவை மாற்றும். உட்குமிழ் செல்திசையை மாற்றும். ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் உயரமானியில் ஏறத்தாழ 30 அடி பிழை வரும். கோவை விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து 1,300 அடிக்கு மேல் இருக்க, மேற்கே மலைத்தொடர் எழுந்து நிற்கும் இடத்தில், திருப்பிய குமிழின் எண் திரையில் மாறியதா என்று படித்துப் பார்க்காமல் கையை எடுக்கக் கூடாது.

கேள்வி: 2025 அகமதாபாத் விபத்தும் இதே வகைதானா?

அப்படிச் சொல்ல இடமில்லை. ஜூன் 12 அன்று விழுந்த போயிங் 787இன் இரு எரிபொருள் சுவிட்சுகளும் அடுத்தடுத்து அணைநிலைக்கு மாறியதாக முதற்கட்ட அறிக்கை பதிவுசெய்தது; ஏன் மாறின என்பதற்கு அது காரணம் கூறவில்லை. தூக்கி நகர்த்தினால் மட்டுமே இடம் மாறும் சுவிட்சுகள் அவை. சிறு விமானத்தின் குமிழ்க் குழப்பத்தோடு அதை ஒப்பிட்டு ஊகம் செய்வது இறந்தவர்களுக்கும் நியாயமில்லை, மாணவர்களுக்கும் பயனில்லை.

கேள்வி: வீட்டிலிருந்தே பழகிக்கொள்ள வழி உண்டா?

உங்கள் விமானத்தின் காக்பிட் படத்தை உண்மை அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, நாற்காலியில் அமர்ந்து, செக்லிஸ்ட்டை வாய்விட்டுப் படித்தபடி ஒவ்வொன்றையும் தொடுங்கள். பார், தொடு, பெயரைச் சொல், பிறகு இயக்கு என்ற வரிசை மாறக் கூடாது. வேகமாகச் செய்து காட்டுவதில் பெருமை வேண்டாம். அவசரமாகப் பழகிய கை அவசரமாகவே தவறும். கணினி சிமுலேட்டர் செயல்வரிசையைப் பழக உதவும். ஆனால், சுட்டியால் அழுத்தும் குமிழுக்கு வடிவமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்பதால் விரலுக்கு அது எதையும் கற்றுத்தராது.

விமானம் மாறும்போது, பறப்பதற்கு முந்தைய நாள் பயிற்சியாளரின் அனுமதியுடன், மாஸ்டர் சுவிட்சும் மேக்னெட்டோவும் (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) அணைந்திருக்க, நிறுத்தத்தில் உள்ள அந்த விமானத்திலேயே உட்காருங்கள். பழைய விமானத்திலிருந்து இடம், திசை, வடிவம் மாறியுள்ள கருவிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பின் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் ஒவ்வொரு பெயராகச் சொல்லட்டும், நீங்கள் கை நீட்டிக் கண்டுபிடியுங்கள். தவறிய கருவிகளைத் தாளில் வட்டமிட்டு, முதல் சில பறப்புகளில் அந்தத் தாளை முழங்கால் பலகையில் செருகிவைத்துக்கொள்ளுங்கள்.